குரோம் அடிக்கணுமா? முதல்ல கருப்பு அடிங்க பாஸ்!

வீட்டுல நல்லாத் துலக்கி வெச்சிருக்கிற எவர்சில்வர் டம்ளர் ஒண்ணை எடுங்க. முகத்துக்கு நேரா பிடிங்க. ஒரே ஒரு கேள்விதான்... அது என்ன கலர்?

'சில்வர்'னு பதில் வந்தா, இன்னொரு தடவை பாருங்க. ட்யூப்லைட் விழுற இடத்துல பளீர்னு ஒரு வெள்ளைக் கோடு. இருட்டா இருக்கிற ரூம் பக்கம் கன்னங்கரேல். உங்க டி-ஷர்ட் சிவப்புன்னா நடுவுல ஒரு சிவப்புப் பட்டை. அதுக்கு மேல சுரைக்காய் மாதிரி நீண்டுபோன உங்க முகம். சில்வர்னு தனியா ஒரு கலரைத் தேடித்தான் பாருங்களேன், கிடைக்காது! பேருதான் எவர்சில்வர். பொழைப்பு என்னவோ, சுத்தி நிக்கிறவங்க கலரையெல்லாம் கடன் வாங்குறது.

டம்ளரைக் கீழே வெச்சாச்சா? இந்த வாரம் நம்ம மேட்டர், ஸ்கேல் மாடலுக்கு குரோம் ஃபினிஷ் கொண்டு வர்றது. கார், பைக் கிட் வாங்கி ஒட்டுற மக்கள் எல்லாரும் மூச்சு வாங்குற இடம் இது. பாடிக்கு அட்டகாசமா கலர் அடிச்சிருப்பாங்க, சீட்டுக்குத் தையல்கூட வரைஞ்சிருப்பாங்க. பம்பர் மட்டும் அலுமினியம் பெயின்ட் அடிச்ச வீட்டு கேட் மாதிரி சாம்பல் பூத்து நிக்கும். ஏன்னா, டப்பாவுல 'குரோம் சில்வர்'னு போட்டிருந்ததை நம்பி அடிச்சிருப்பாங்க.

அந்த டப்பாவுக்குள்ள இருக்கிறது பொடிப்பொடியான உலோகச் செதில்கள். ஒவ்வொண்ணும் தனித்தனியா ஒரு குட்டிக் கண்ணாடிதான். ஆனா பெயின்ட் காயும்போது ஒண்ணு கிழக்கே பார்க்கும், இன்னொண்ணு மேற்கே பார்க்கும். ஒளியை ஆளுக்கொரு திசையில அடிச்சு விரட்டிட்டா பிம்பம் எங்கேருந்து வரும்? மினுமினுப்புதான் மிச்சம். நம்ம கண்ணுக்குத் தெரியற ஒளியோட அலைநீளம் 400-லிருந்து 700 நானோமீட்டர். ஒரு பரப்புல இருக்கிற மேடு பள்ளம் அதைவிட ரொம்ப ரொம்பச் சின்னதா இருந்தாத்தான் அது முகம் காட்டும். 'பளபளப்பு' வேற, 'முகம் காட்டுறது' வேற. குரோம்ங்கிறது ரெண்டாவது சாதி.

சரி, நிஜ வண்டியில எப்படிப் பண்றாங்க? பழைய காலத்து இரும்பு பம்பர்ல முதல்ல செம்பு முலாம், அதுக்கு மேல நிக்கல், கடைசியாத்தான் குரோமியம். அந்தக் கடைசிப் படலம் அலங்கார வேலைகள்ல ஒரு மைக்ரானைவிட மெல்லிசு. உங்க தலைமுடியோட தடிமன்ல நூறுல ஒரு பங்குகூடத் தேறாது! பம்பருக்கு மினுக்கைக் கொடுக்கிறது அடியில இருக்கிற நிக்கலும், அதுக்கு முன்னாடி தேச்ச தேய்ப்பும்தான். நிக்கல் மங்கிப் போகாம மேல காவலுக்கு நிக்கிறது குரோமியம். பேரு வாங்கிட்டுப் போறது மட்டும் மேல இருக்கிறவரு. (காலேஜ் ப்ராஜெக்ட் டீம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.)

மாடல்லயும் இதே கதைதான். ஜெயிக்கிறதும் தோக்கிறதும் அடியில இருக்கிற லேயர்ல.

உதாரணத்துக்கு ஒரு வண்டியைப் பிடிப்போம்... 1957 செவ்ரோலே பெல் ஏர். அமெரிக்காக்காரங்க காருக்கு நகை போட்டு அழகு பார்த்த காலத்தோட செல்லப்பிள்ளை. நிஜக் கார் 200 அங்குலம் நீளம். 1:25 கிட்டுல எட்டு அங்குலம், உங்க ஸ்கேலைவிட கொஞ்சம் சின்னது. இப்போ ஒரு கணக்கு போடுங்க. மாடல் பம்பர் மேல பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் மொத்தமா உக்காந்தா, அது நிஜக் கார்ல 2.5 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசின மாதிரி! தோசைக்கல்லுல மாவு ஊத்தின எஃபெக்ட். கூர்மையான விளிம்பெல்லாம் மழுங்கி, பம்பர் சோப்புக் கட்டி ஆயிடும். ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி லேசா ஒரு சொரசொரப்பு இருந்தாலும் 25 மடங்கு பெருசாக் கத்தும்.

'எதுக்கு இவ்ளோ டென்ஷன்? கிட்டுலயே குரோம் பூசின பார்ட்ஸ் வருதே'ன்னு கேப்பீங்க. வருது. காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு அறைக்குள்ள அலுமினியத்தை ஆவியாக்கி, அதை பிளாஸ்டிக் மேல படிய வைக்கிற டெக்னிக் அது. பார்த்தவுடனே 'வாவ்!' சொல்ல வைக்கும். ஆனா உத்துப் பாருங்க. அச்சு ரெண்டா சேர்ற இடத்துல வர்ற கோடு அப்படியே பளபளன்னு நிக்கும். பார்ட்டை ஃபிரேம்லேருந்து வெட்டி எடுக்கிற இடத்துல வெள்ளையா ஒரு தழும்பு. எல்லாத்துக்கும் மேல, அது குரோமே இல்லை, அலுமினியம்! அலுமினியம் மேல விழுற ஒளியில 90 சதவிகிதத்துக்குக் கிட்ட திரும்பி வந்துடும். குரோமியம் ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கைத்தான் திருப்பித் தரும். அதனாலதான் கிட்டோட பம்பர் பொம்மை மாதிரி வெளுத்துத் தெரியுது. நிஜ குரோம்ல ஒரு இருட்டு இருக்கு. அந்த இருட்டைத்தான் நாம கொண்டு வரணும்.

சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்கு வழி சொல்றேன். கிட் குரோம் ஓரளவு சுத்தமா இருந்தா அதை உரிக்கவே வேண்டாம். டாமியா கம்பெனியில 'ஸ்மோக்'னு ஒரு பெயின்ட் வருது, நம்பர் எக்ஸ்-19. புகை பிடிச்ச கண்ணாடி மாதிரி இருக்கும். அதைத் தண்ணியா கலந்து ஒரே ஒரு கோட் லேசா அடிச்சாலே வெளுப்பு அடங்கிடும். கிரில் பள்ளங்கள்ல கருப்பை நீர்த்து ஓடவிட்டா இன்னும் அழகு. முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும்னுதான் நான் சொல்வேன்.

'போதாது, நான் பர்ஃபெக்ஷன் பார்ட்டி'ன்னா வாங்க, உரிக்கலாம்.

வெள்ளைத் துணிக்குப் போடுற ப்ளீச் திரவம் இருக்கே, அதுல பார்ட்ஸைப் போட்டா அலுமினியம் கரைஞ்சு ஓடிடும். காரத்துக்கு அலுமினியம் தாங்காது, பன்னெண்டாம் கிளாஸ் கெமிஸ்ட்ரி. சிலது பத்து நிமிஷத்துல உரியும், சிலது ராத்திரி முழுக்க ஊறும். இங்கே கொஞ்சம் சீரியஸா பேசணும் பாஸ். ஹாஸ்டல் பாத்ரூம்ல ப்ளீச் பாட்டிலுக்குப் பக்கத்துலயே டாய்லெட் கழுவுற ஆசிட் நிக்கும். ரெண்டும் சேர்ந்தா வர்றது குளோரின் வாயு. 1915-ல பெல்ஜியத்துல ஈப்பர் போர்க்களத்துல ஜெர்மானியர்கள் திறந்துவிட்டது இதே வாயுதான். அதனால ப்ளீச் டப்பாவுக்கு மூடி போட்டு, மேல பெருசா எழுதி வைங்க. வேலை முடிஞ்சதும் நிறையத் தண்ணி விட்டுக் கழுவி ஊத்துங்க. பின்னாடியே வந்து ஆசிட் ஊத்தப்போற ரூம்மேட்டுக்கும் சொல்லிடுங்க. கையுறை, ஜன்னல் ரெண்டும் கட்டாயம்.

இன்னொரு விபரீத ஆசையும் நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்கு வரும். 'லேப்ல எலெக்ட்ரோபிளேட்டிங் பண்ணியிருக்கோமே, பம்பருக்கு நிஜ குரோமே பூசிட்டா?' வேண்டவே வேண்டாம். குரோம் தொட்டியில காலங்காலமா இருந்தது குரோமிக் அமிலம். அதுல இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயைக் கொண்டுவரும். ராணிப்பேட்டையில 1990-களில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையோட குரோமியக் கழிவு அந்தப் பக்கத்து நிலத்தடித் தண்ணியை என்ன பண்ணியிருக்குன்னு சிவில் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்ட்ஸைக் கேட்டுப் பாருங்க. எட்டு அங்குல காருக்கு அவ்ளோ பெரிய ரிஸ்க் தேவையில்லை.

உரிச்சாச்சு. இப்போ நிஜமான வேலை. டிங்கரிங் ஷெட்டுல பட்டி பார்த்துத் தேய்ப்பாங்களே, அதே வேலை, சின்ன சைஸுல. ஹார்டுவேர் கடையில கிடைக்கிற வாட்டர் பேப்பர்தான் ஆயுதம். 600-ல ஆரம்பிச்சு 1000, 2000-னு தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்க்கணும். அச்சுக்கோடு காணாமப் போகணும். விரலால தடவிப் பார்த்து ஏமாறாதீங்க, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.

அப்புறம்தான் தலைப்புல சொன்ன கருப்பு. நல்ல பளபளப்பான கருப்பு. ஏன் கருப்பு? மேல வரப்போற குரோம் படலம் ரொம்ப மெல்லிசு. அது முழுசா மறைக்காது. அடியில வெள்ளை இருந்தா, உள்ளே போன ஒளி நாலா பக்கமும் சிதறித் திரும்பி வந்து பிம்பத்தை வெளிறடிச்சுடும். கருப்பு இருந்தா அதை விழுங்கிடும். பிரதிபலிப்பு மட்டும் தனியாத் தெரியும், கூடவே நமக்கு வேண்டிய அந்த இருட்டும் இலவசமா வந்துடும். நகைக்கடையில தங்கத்தை உரசிப் பார்க்கிற கல்லு ஏன் கருப்பா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? உலோகத்தோட உண்மை கருப்பு மேலதான் பளிச்னு தெரியும்.

கருப்பை மெல்லிசா ரெண்டு மூணு கோட்டா அடிங்க. கார் டச்-அப்புக்கு விக்கிற ஸ்ப்ரே டப்பாவை வாங்கினா, அதுல இருக்கிற திரவம் பிளாஸ்டிக்கையே அரிக்க வாய்ப்பு உண்டு. கிட்டோட பார்ட்ஸைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற ஃபிரேம் இருக்கு பாருங்க, அது மேல முதல்ல அடிச்சுப் பாருங்க. ஷாம்பு பாட்டில் மூடியில ட்ரையல் பார்க்காதீங்க, அது வேற பிளாஸ்டிக், பெயின்ட் பிடிக்காம உரிஞ்சு வரும். பல அமெரிக்கக் கிட்டுகள்ல ரெண்டு மூணு செட் வீல் கொடுத்திருப்பான். வேண்டாத செட் உங்க சோதனை எலி. பம்பர் ஒண்ணே ஒண்ணுதான். அதைக் கெடுத்துட்டா இன்னொரு கிட்தான் வாங்கணும், அதுக்கு அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்.

அடிச்ச கருப்பை ரெண்டு மூணு நாள் தொடாம விடுங்க. மேலால காஞ்சிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு மேல குரோம் அடிச்சா ரெண்டும் கலந்து கஞ்சி. காஞ்சதுக்கு அப்புறம் ஒரு பரீட்சை. கருப்பு பம்பருக்கு நேரா செய்தித்தாள் தலைப்பைப் பிடிங்க. பிம்பத்துல எழுத்து கூர்மையா, இடம் வலமா மாறித் தெரிஞ்சா பாஸ். மங்கலா கலங்கித் தெரிஞ்சா அரியர், திரும்பத் தேய்ங்க. கருப்புல வராதது குரோம்ல வராது.

இப்போ குரோம். ஏர்பிரஷ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஆல்கிளாட் மாதிரியான லாக்கர் வகை இருக்கு. கம்ப்ரஸர்ல 12-லிருந்து 15 பிஎஸ்ஐ போதும். நாலஞ்சு அங்குல தூரத்துலேருந்து மூச்சு விட்ட மாதிரி மெல்லிசா, திரும்பத் திரும்ப. கருப்பு மெதுவா எஃகு நிறத்துக்கு மாறும், அப்புறம் திடீர்னு ஒரு நிமிஷத்துல உங்க கை விரல் அதுல தெரியும். அங்கேயே நிறுத்துங்க! 'இன்னும் ஒரு கோட் அடிச்சா இன்னும் சூப்பரா வரும்'னு மனசு சொல்லும். அடிச்சா சாம்பலாகும். முதல்ல படிஞ்ச செதில்கள் பாய் விரிச்ச மாதிரி படுத்துக்கும், பின்னாடி வர்றது அது மேல ஏறி எக்குத்தப்பா நிக்கும். ஆரம்பத்துல பார்த்த வீட்டு கேட் திரும்பி வந்துடும்.

ஏர்பிரஷ் இல்லையா? கவலைப்படாதீங்க, நம்மள்ல பாதிப் பேர்கிட்ட இல்லை. மோலோடோவ்னு ஒரு ஜெர்மன் கம்பெனி 'லிக்விட் குரோம்'னு மார்க்கர் பேனா போடுறான். உள்ளே இருக்கிறது ஆல்கஹால் கலந்த இங்க். குட்டிக் குட்டி விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஃபிரேம் இதுக்கெல்லாம் இதை அடிச்சுக்க ஆள் இல்லை. தேய்க்கக் கூடாது, சொட்டு வெச்சு அது தானா பரவ விடணும். பரவி முடிச்சு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீங்க. விரல் பட்டா ரேகையோட ஃபைல் குளோஸ். அதையும்விட சல்லிசா வேணும்னா ஃபேன்ஸி ஸ்டோர்ல தங்கச்சிக்கு நெயில் ஆர்ட் சாமான் வாங்கும்போது 'மிரர் பவுடர்' ஒரு டப்பி சேர்த்து வாங்குங்க. பளபள கருப்பு மேல மெத்துனு ஒரு பஞ்சால தேய்ச்சா ஜம்முனு பிடிக்கும்.

இதுக்கெல்லாம் மேல கிளியர் கோட் அடிக்கலாமான்னா... கூடுமானவரை வேண்டாம். கிளியர்ல இருக்கிற கரைப்பான் படுத்திருக்கிற செதிலைக் கிளப்பி விட்டுடும், மினுக்கு செத்துடும். கை படாத இடத்துல குரோம், கை படுற இடத்துல வேற ஐடியா... அவ்ளோதான். ஒட்டும்போதும் சூப்பர் க்ளூ பக்கம் போகாதீங்க, அதோட ஆவி குரோம் மேல வெள்ளையா விபூதி பூசிடும். ஸ்கூல் கிராஃப்ட்டுக்கு வாங்கின வெள்ளை ஃபெவிகாலே போதும்.

லாக்கர், தின்னர் ஸ்ப்ரே பண்றப்போ கர்ச்சீஃப் கட்டிக்கிறது சினிமா வில்லனுக்கு ஓகே, நுரையீரலுக்கு ஆகாது. கரித்தூள் ஃபில்டர் வெச்ச மாஸ்க் வேணும். முக்கியமா, ரூம்ல கொசுவத்தி எரிஞ்சா அணைங்க. தின்னர் ஆவிக்கும் நெருப்புக்கும் ஆகாதுன்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

நம்ம பெல் ஏர் அம்மணிகிட்ட திரும்புவோம். அவங்க உடம்புல மின்றது எல்லாமே குரோம்னு நினைச்சீங்கன்னா அங்கேதான் பல பேர் கோட்டை விடுறாங்க. பம்பர் குரோம். பக்கவாட்டுல நீளமா ஓடுற பட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பின்பக்கம் அந்தப் பட்டைகளுக்கு நடுவுல வரிவரியா இருக்கிறது அலுமினியத் தகடு. முன்னாடி கிரில் வலை தங்க நிறத்துல அனோடைஸ் பண்ணினது. எல்லாத்துக்கும் ஒரே குரோமை அப்பினா, கல்யாணப் பொண்ணுக்கு கவரிங், தங்கம், வெள்ளி எல்லாத்தையும் ஒரே கடையில பாலிஷ் போட்ட மாதிரி இருக்கும். பம்பருக்கு நாம அடிச்ச குரோம். பட்டைக்கு ஃபாயில். வரித்தகட்டுக்கு கொஞ்சம் மங்கலான அலுமினியம் பெயின்ட். இந்த வித்தியாசத்தைப் பார்த்தவங்களுக்கு என்னன்னு சொல்லத் தெரியாது, ஆனா 'நிஜ வண்டி மாதிரி இருக்கே'ன்னு மட்டும் சொல்வாங்க.

பட்டைக்கு ஏன் ஃபாயில்? நிஜ உலோகமாச்சே! 'பேர் மெட்டல் ஃபாயில்'னு முதுகுல பசையோட விக்குது. தேவைக்கு மேல பெருசா வெட்டி ஒட்டி, காது குடையற பஞ்சுக் குச்சியால அமுக்கித் தேய்ச்சு, ஓரத்தைப் புது பிளேடால கீறி எடுக்கணும். பழைய பிளேடு கிழிக்கும். இதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது கிடைக்கலைன்னா சப்பாத்தி சுத்துற அலுமினியம் ஃபாயில் இருக்கு. சாதாரணமா 11 மைக்ரான் தடிமன். நம்ம கணக்குப்படி 25-ஆல பெருக்கினா நிஜக் கார்ல கால் மில்லிமீட்டர்தான், தாராளமா செல்லும். பின்பக்கம் மெல்லிசா பசை தடவி, அது பிசுபிசுன்னு ஆனதும் ஒட்டுங்க.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். மாலையில டீக்கடை வாசல்ல நிக்கிற புல்லட்டோட சைலன்ஸரை உக்காந்து பாருங்க. 1955-லிருந்து திருவொற்றியூர் பக்கம் வளர்ந்த வண்டி, நம்ம ஊருப் பிள்ளை. ஓனர் முறைச்சா 'ப்ராஜெக்ட்'னு சொல்லிடுங்க. மேல் பாதியில வானம், வெளிர் நீலம். கீழ் பாதியில ரோடு, பழுப்பு. ரெண்டுக்கும் நடுவுல தூரத்துக் கட்டடமும் மரமும் சேர்ந்து ஒரு கருப்புக் கோடு. இன்ஜின் பக்கம் வளையற பைப்புல, சூட்டுல வந்த மஞ்சளும் நீலமும். பொம்மை வீரர்களுக்கு கவசம் வரையற ஆர்ட்டிஸ்ட்டுகள் உலோகப் பெயின்ட்டைத் தொடாமலே, வெறும் நீலம், கருப்பு, பழுப்பு இந்த மூணையும் வெச்சே கண்ணை ஏமாத்துவாங்க.

உங்க மாடலை ரூம்ல வெச்சு போட்டோ எடுத்தா அதுல வானம் இருக்காது. ட்யூப்லைட்டும், கொடியில தொங்குற துண்டும்தான் பம்பர்ல தெரியும். எட்டு அங்குல கார், ஆனா பம்பர்ல முழு சைஸ் துண்டு! அதனால ஸ்டேஷனரி கடையில ரெண்டு சார்ட் பேப்பர் வாங்குங்க, ஒண்ணு வெளிர் நீலம், ஒண்ணு மண் கலர். மண் கலரைக் கார் அடியில விரிங்க. நீலத்தை மேலேயிருந்து கேமராப் பக்கமா வளைச்சுப் பிடிக்க ஒரு ஃப்ரெண்டைப் பிடிங்க. இப்போ பம்பரைப் பாருங்க. மேலே வானம், கீழே ரோடு. கேமராவைத் தரையோட தரையா வெச்சு க்ளிக் பண்ணுங்க. ஃப்ரெண்டோட மூக்கு பம்பர்ல விழாம இருந்தா சரி.

அடுத்த வாரம் டயர். அது மட்டும் சுத்தக் கருப்புன்னு யார் சொன்னது? வர்ட்டா!